ஒலான்சபைன் எடுக்கிற அண்ணனுக்கு திடீர்னு எடை குறையுது, சந்தோஷப்படுறதா பயப்படுறதா?

பூவரசு23:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் செஞ்சேன், எழுதுறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க.

என் அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரீனியா. முதல்ல ரிஸ்பெரிடோன் குடுத்தாங்க, அது ஒத்துக்கல, கை கால் எல்லாம் இறுகிப் போய் நடக்கவே கஷ்டப்பட்டான், அப்புறம் ஒலான்சபைனுக்கு மாத்தி இப்ப 15 மில்லிகிராம்ல இருக்கான். மாத்திரை வேலை செய்யுது, அதுல குறை சொல்ல மாட்டேன். குரல் கேக்குறது நின்னுச்சு, யாரோ கேமரால பாக்குறாங்கன்னு ஜன்னல் பூரா பேப்பர் ஒட்டி வச்சிருந்தவன் ஒருநாள் அவனே எழுந்து போய் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டான், அன்னிக்கு எங்க அம்மா அழுத அழுகை இருக்கே. ஆனா எடை. 64 கிலோ இருந்தவன் ஒரு வருஷத்துக்குள்ள 86 கிலோ ஆயிட்டான். பழைய சட்டை ஒண்ணும் போடல, போட்டோன்னா ஓடிடுவான், சொந்தக்காரங்க வந்தா ரூமை விட்டு வெளிய வரமாட்டான்.

இப்ப என்னன்னா போன ஒரு மாசத்துல அவனுக்கு ஆறு கிலோ கிட்ட குறைஞ்சிருக்கு. அவன் சாயங்காலம் நடக்கப் போறான்தான், இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்கு இவ்வளவு குறையுமா? அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பையன் பழையபடி ஆயிட்டான்னு சொல்லிட்டு இருக்காங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. முன்னாடி ராத்திரி மாத்திரை போட்டா பத்து மணிக்கெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான், இப்ப ரெண்டு மணிக்கும் அவன் ரூம்ல லைட் எரியுது. மாத்திரையை முன்னாடி அம்மா எடுத்துக் குடுப்பாங்க, இப்ப அவனே போட்டுக்கிறேன்னு டப்பாவ வாங்கி வச்சுக்கிட்டான், சரி பொறுப்பு வந்துடுச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம்.

இந்த மாத்திரை எடுத்துக்கிட்டே எடை குறைக்க முடியுமா முடியாதா? அப்படி முடியும்னா என் பயம் வீண், அவன்கிட்ட போய் சந்தேகமா எதையும் கேட்டுட்டு சண்டை ஆக வேணாம். இல்ல மாத்திரைய நிறுத்திட்டானோன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படிக் கேக்குறது? எடைக்குன்னு தனியா மருந்து எதுவும் இருக்கா, இல்ல இந்த மாத்திரையவே மாத்தச் சொல்லலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ராத்திரி_ரயில்:

தங்கச்சி, நான் உங்க அண்ணன் இருக்கிற இடத்துல இருக்கிற ஆள். அதே நோய், அதே மாத்திரை, இப்பவும் எடுத்துட்டுதான் இருக்கேன், வேலைக்கும் போறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இந்த மாத்திரை பசி சாதாரண பசி இல்ல. மத்தவங்க நினைக்கிறாங்க இவன் சும்மா உக்காந்து தின்னுட்டே இருக்கான், வாயைக் கட்ட முடியலன்னு. வயிறு நிறைய சாப்பிட்டு கை கழுவிட்டு வர்றதுக்குள்ள சாப்பிடவே இல்லாத மாதிரி இருக்கும், போதும்னு உள்ள இருந்து ஒரு சத்தம் வரும்ல அது வரவே வராது. நடு ராத்திரி தூக்கக் கலக்கத்துல போய் ஃப்ரிட்ஜைத் திறந்து நின்னு தின்னுட்டு காலைல ஞாபகமே இல்லாம இருந்திருக்கேன். அதனால "கொஞ்சம் கம்மியா சாப்பிடுடா"ன்னு வீட்ல சொல்றப்ப வர்ற கோவம் இருக்கே, அது சொல்றவங்களுக்குப் புரியாது.

எடை குறைக்க முடியுமான்னு கேட்டீங்க, முடியும், நான் குறைச்சேன், ஆனா ஆமை வேகம். எனக்கு பெரிய திருப்பமா இருந்தது எதுன்னா வாய் வறட்சி. இந்த மருந்துல வாய் காஞ்சு போகும், அதுக்கு நான் நாள் பூரா கலர் பானமும் ஜூஸும் குடிச்சுட்டே இருந்தேன், சாப்பாட்டைக் குறைக்கிறேன்னு தலைகீழா நின்னப்ப கூட அதைக் கணக்குலயே எடுக்கல. அதைத் தண்ணிக்கு மாத்துனேன், சர்க்கரை இல்லாத சூயிங்கம் வாயில போட்டுக்கிட்டேன். அப்புறம் ராத்திரி பசி, அதுக்கு மன உறுதியெல்லாம் ஒத்து வராது, கைக்கு எட்டுற மாதிரி நொறுக்குத் தீனி வீட்ல இருக்கக் கூடாது அவ்ளோதான், வீட்ல எல்லாரும் அதுக்கு ஒத்துக்கணும், நீங்க எல்லாம் முன்னாடி உக்காந்து தின்னுட்டு அவனுக்கு மட்டும் வேணாம்னா நடக்காது. இப்படி மாசத்துக்கு ஒரு கிலோ, சில மாசம் அரை கிலோ, சில மாசம் ஒண்ணுமே இல்ல. ஒரு மாசத்துல ஆறு கிலோன்னா... எனக்கு அது இடிக்குது.

ஏன்னா மாத்திரைய விட்டா முதல்ல போறது தூக்கம். ஒலான்சபைனைத் திடீர்னு நிறுத்தினா சில நாள்லயே தூக்கம் போகும், குமட்டும், உக்கார முடியாம ஒரு பரபரப்பு இருக்கும், அந்தப் பேய்ப் பசியும் சட்டுனு அடங்கிடும். பசி அடங்குன உடனே நமக்கு என்ன தோணும் தெரியுமா, அப்பாடா நான் பழைய ஆள் ஆயிட்டேன், நோயே இல்ல, மாத்திரைதான் பிரச்சனைன்னு. அந்த நேரத்துல குரல் எதுவும் கேக்காது. அது வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல கழிச்சுதான் வரும், அதனால நிறுத்துனதுக்கும் நோய் திரும்புனதுக்கும் நடுவுல இருக்கிற கோடு நம்ம கண்ணுக்குத் தெரியாது.

கேக்குறது எப்படின்னா, "மாத்திரை போட்டியா"ன்னு மட்டும் கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு எல்லாரும் போட்டேன்னுதான் சொல்லுவோம். எடையைப் பத்திப் பேசுங்க. "இந்த உடம்போட இருக்கிறது உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு நாங்க யாரும் கேக்கவே இல்லல்ல"ன்னு ஆரம்பிங்க. என்கிட்ட யாராவது அப்படிக் கேட்டிருந்தா நான் உண்மையச் சொல்லியிருப்பேன்.

வெள்ளைக்கோட்டு:

நான் மனநலப் பிரிவுல டாக்டரா இருக்கேன். உங்க அண்ணனை நான் பாக்கல, அதனால இது பொதுவா சொல்றதுதான், முடிவு அவரைப் பாக்குற டாக்டர் எடுக்கணும்.

ரயில் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கு. அமெரிக்காவுல தீவிர மனநோய் இருக்கிற 291 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2013ல வெளியாச்சு. வாராவாரம் ஆள் வச்சு உடற்பயிற்சி, சாப்பாட்டுக்கு ஆலோசனை, எடை பாக்குறதுன்னு 18 மாசம் நடத்துனாங்க. அவ்வளவும் பண்ணி, அதெல்லாம் இல்லாதவங்களை விட சராசரியா 3.2 கிலோதான் கூடுதலாக் குறைஞ்சது. நான் இதைக் கம்மின்னு சொல்ல வரல, மருந்து ஒரு பக்கம் இழுத்துட்டு இருக்கும்போது அது பெரிய விஷயம், அதுல 5 சதவீதத்துக்கு மேல எடை குறைச்சவங்க மூணுல ஒருத்தருக்கு மேல. ஆனா சாயங்கால நடையில மட்டும் ஒரு மாசத்துல ஆறு கிலோங்கிறது இதோட பொருந்தல. அதனால உங்க சந்தேகம் வீண் இல்ல.

ஆனா மாத்திரைய விட்டதுதான் காரணம்னு முடிவு கட்டிடாதீங்க, வேற சிலதும் இருக்கு, அதுல ஒண்ணு அவசரமானது. ஒலான்சபைனும், அதே வகையைச் சேந்த க்ளோசபைங்கிற மருந்தும் சர்க்கரை நோயைக் கொண்டு வரலாம். சர்க்கரை கட்டுப்பாடு இல்லாம ஏறினாலும் எடை தடதடன்னு இறங்கும். அடிக்கடி தாகம் எடுக்குதா, அடிக்கடி சிறுநீர் போறாரா, ரொம்ப சோர்வா இருக்காரான்னு பாருங்க. அதோட வாந்தி, வயித்து வலி, மூச்சு வேகமா வாங்குறது சேந்தா காத்திருக்கவே கூடாது, அன்னிக்கே எமர்ஜென்சி. இன்னொண்ணு, நோயே திரும்பும்போது சிலர் சாப்பாட்டுல ஏதோ கலந்திருக்குன்னு பயந்து சாப்பிடுறதை விட்டுடுவாங்க, அடுத்தவங்க சமைச்சதைத் தொடாம பாக்கெட் பிரிக்காததை மட்டும் சாப்பிடுறாரான்னு கவனிங்க. மனச்சோர்வு, தைராய்டு இதெல்லாமும் உண்டு. எப்படிப் பாத்தாலும் சர்க்கரை டெஸ்ட் இந்த வாரமே எடுத்துடுங்க.

எடை ஏன் ஏறுதுன்னா, இந்த மருந்துகள் மூளையில செய்தி கடத்துற டோபமைனை மட்டும் தடுக்கல, ஹிஸ்டமின் ஹெச்1, செரட்டோனின் 2சிங்கிற ரெண்டு ஏற்பிகளையும், அதாவது அந்தச் செய்தியை வாங்குற இடங்களையும், சேத்து அடைக்குது. பசியையும் போதும்ங்கிற உணர்வையும் நடத்துறதுல இது ரெண்டுக்கும் பங்கு இருக்கு. ஒலான்சபைனும் க்ளோசபைனும் அந்த ரெண்டையும் பலமா பிடிக்கிற மருந்துகள், அதான் பட்டியல்ல முதல்ல இருக்கு. குவெட்டியபைன், ரிஸ்பெரிடோன் நடுவுல. அரிபிப்ரசோல், லுராசிடோன், சிப்ராசிடோன் எல்லாம் கீழ. இந்த மருந்துகளை ஒப்பிட்டுப் பாத்து 2005ல வந்த கேட்டிங்கிற அமெரிக்க ஆய்வுல ஒலான்சபைன் எடுத்தவங்களுக்கு மாசம் சராசரியா 0.9 கிலோ ஏறுச்சு, நூத்துக்கு 30 பேருக்கு உடம்பு எடையில 7 சதவீதத்துக்கு மேல கூடுச்சு.

அப்ப மருந்தை மாத்தலாமேன்னா, மாத்தலாம், ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. ஒலான்சபைன், குவெட்டியபைன், ரிஸ்பெரிடோன்ல நல்லா இருந்தவங்களை அரிபிப்ரசோலுக்கு மாத்திப் பாத்த சோதனை ஒண்ணு 2011ல வந்துச்சு, 24 வாரத்துல மாத்துனவங்களுக்கு 3.6 கிலோ குறைஞ்சது, மாத்தாதவங்களுக்கு 0.7. எடை குறைஞ்சது உண்மை, ஆனா மாத்துனவங்கள்ல பாதியில அந்த மருந்தை விட்டவங்களும் அதிகம். உங்க அண்ணனுக்கு ஏற்கனவே ஒரு மருந்து ஒத்துக்கல, இது கேட்டிருக்கு. அந்த மாதிரி ஆளுக்கு நான் மாத்துறதை முதல் அடியா வைக்க மாட்டேன்.

எடைக்குன்னு மருந்து கேட்டீங்கல்ல, இருக்கு. முதல்ல யோசிக்கிறது மெட்ஃபார்மின், சர்க்கரைக்குக் குடுக்குற அதே மாத்திரைதான். சீனாவுல 128 பேரை வச்சு 2008ல வந்த ஆய்வுல 12 வாரத்துல மெட்ஃபார்மினும் சாப்பாடு, நடைன்னு பழக்கத்தை மாத்துறதும் சேத்துப் பண்ணவங்களுக்கு 4.7 கிலோ குறைஞ்சது, மெட்ஃபார்மின் மட்டும் 3.2, சாப்பாடு நடை மட்டும் 1.4, ஒண்ணும் பண்ணாம, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவங்களுக்கு 3.1 கிலோ ஏறிடுச்சு. அவங்கெல்லாம் நோய் வந்து அதிக நாள் ஆகாதவங்க, அதனால பலன் கொஞ்சம் நல்லாவே தெரிஞ்சது. பல வருஷமா மருந்து எடுக்குறவங்களுக்கு இதை விடக் கம்மியாத்தான் குறையும். அதுக்கடுத்தது, வாரத்துக்கு ஒரு தடவை இல்ல தினமும் போடுற எடை குறைக்கிற ஊசிகள். லிராக்ளூடைட் வச்சு டென்மார்க்ல க்ளோசபைன், ஒலான்சபைன் எடுக்குறவங்ககிட்ட பண்ணது 2017ல வந்துச்சு, 16 வாரத்துல போலி ஊசியை விட 5.3 கிலோ கூடக் குறைஞ்சது, சர்க்கரையும் நல்லா இறங்குச்சு. செமாக்ளூடைட் இன்னும் பலமானது, அதையும் இவங்களுக்குக் குடுத்து பாத்துட்டு இருக்காங்க. ஆனா அதை நிறுத்துனா எடை திரும்ப ஏறும், வயித்துப் பக்க விளைவும் உண்டு. ஒலான்சபைனோட சாமிடார்ஃபன்னு ஒண்ணைச் சேத்து ஒரே மாத்திரையா 2021ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, அது ஏறுறதைக் குறைக்கும், ஏற்கனவே ஏறுனதை இறக்காது, மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு வலி மருந்து எடுக்குறவங்களுக்கு அது ஆகவும் ஆகாது.

இதுல எதையுமே வீட்ல முடிவு பண்ண முடியாது, ஆனா இப்படியெல்லாம் வழி இருக்குங்கிறது உங்க அண்ணனுக்குத் தெரியணும். எடைக்கு ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு நம்புறவர்தான் மாத்திரையத் தூக்கிப் போடுவார்.

இயற்கையே_மருந்து:

மேல பெரிய பெரிய டாக்டர் எல்லாம் ஆங்கில மருந்துக்கு மேல ஆங்கில மருந்து எழுதிக் குடுக்குறாங்க 😂 ஒரு விஷத்துக்கு இன்னொரு விஷம். உடம்பு தானா எடையைக் குறைக்குதுன்னா விஷம் வெளிய போகுதுன்னு அர்த்தம், நல்ல அறிகுறி. தியானம், விரதம், மூலிகைப் பொடி மூணும் போதும், மாத்திரைய மெல்ல மெல்ல நிறுத்திடுங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நிறுத்திட்டு இப்ப ஜம்முன்னு இருக்கார்.

மூத்தவன்_அம்மா:

இயற்கை தம்பி, நீங்க சொன்னதைக் கேக்குறவங்க வீட்ல அடுத்து என்ன நடக்கும்னு நீங்க பாக்கப் போறதில்ல, அதனால எழுதுறது சுலபம். என் பையன் ஒரு தடவை நிறுத்துனான். முதல்ல நல்லாத்தான் இருந்தான், மெலிஞ்சான், முகம் தெளிஞ்சுது, நாங்களும் ஊரெல்லாம் சொல்லி சந்தோஷப்பட்டோம். அப்புறம் திரும்ப வந்தது முன்னைய விட மோசமா வந்துச்சு, முன்னாடி கேட்ட அதே மருந்து அப்புறம் கேக்கல, இப்ப க்ளோசபைன்ல இருக்கான். உங்களுக்குத் தெரிஞ்ச அந்த ஒருத்தர் நல்லா இருக்கட்டும்.

பூவரசு கண்ணு, உனக்கு சொல்றேன். க்ளோசபைன் எல்லாத்தையும் விட எடை போடுற மருந்து, என் பையன் எப்படி ஆனான்னு சொல்லி முடியாது. நாங்க என்ன பண்ணோம்னா போலீஸ் வேலை பாக்குறதை விட்டோம். தட்டைப் பாத்து கணக்குப் பண்றது, இது வேணாம் அது வேணாம்னு அதட்டுறது எல்லாம் போச்சு. அவனுக்குன்னு தனிச் சமையல் இல்ல, வீடே அப்படி மாறிடுச்சு, எங்க வீட்டுக்காரருக்கும் ஏழு கிலோ குறைஞ்சது, அவருக்கு அதுல பெருமை வேற. வாரத்துக்கு ஒரு நாள் எடை, அதை அவனே எழுதுவான், ஏறினாலும் இறங்கினாலும் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நடக்கப் போனா நான் கூட போவேன், தனியா போடான்னா போக மாட்டான், அது சோம்பல் இல்ல, இந்த நோயே ஆளை அப்படி உக்கார வச்சிடும், அதை மருந்தோட தலையில மட்டும் போட முடியாது.

ரெண்டு மூணு விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்லாததால சொல்றேன். எடை குறைக்கிற பவுடர், மாத்திரைன்னு விக்கிறது எதையும் டாக்டர்கிட்ட காட்டாம வாங்கிடாத, அதுல பலதுல காஃபீன் இருக்கு, காஃபீன் அதிகமானா க்ளோசபைன் ரத்தத்துல ஏறிடும். சிகரெட் விட்டாலும் அதே கதை, புகையில இருக்கிற ஏதோ ஒண்ணு மருந்தைச் சீக்கிரம் கரைச்சிடுமாம், அதை விட்டதும் க்ளோசபைனும் ஒலான்சபைனும் ரத்தத்துல கூடுமாம், என் பையன் சிகரெட்டை விட்டப்ப நாள் பூரா தூங்கிட்டே இருந்தான், அப்புறம் டாக்டர் டோஸைக் குறைச்சார். சிகரெட்டை விட வேணாம்னு சொல்லல, விடுறதை முன்னாடியே சொல்லிட்டு விடணும். அடுத்து மலச்சிக்கல். க்ளோசபைன்ல குடல் மெதுவாயிடும், அதை சாதாரணமா எடுத்துக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம், இதுல சாப்பாட்டைக் குறைக்கிறேன் தண்ணியக் குறைக்கிறேன்னு கிளம்பினா இன்னும் மோசம். டாக்டர் சொல்ற அந்த ஊசியும் வயித்தை மெதுவாக்குற வகைதானே, க்ளோசபைன்காரங்க அதைக் கேக்கும்போது இதையும் சேத்துக் கேளுங்க.

எனக்கு ஒரு ஆதங்கம். முதல் மாசமே யாராவது என் பையனை ஒரு எடை மெஷின் மேல ஏத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. குரல் கேக்குதா, தூங்குறானா, இதைத்தான் கேப்பாங்க, உடம்பை யாரும் பாக்கல.

வெள்ளைக்கோட்டு:

அம்மா சொன்ன கடைசி விஷயத்துக்கு நாங்கதான் பதில் சொல்லணும். 2004லயே அமெரிக்க சர்க்கரை நோய் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேந்து எழுதி வச்சாங்க, இந்த மருந்து ஆரம்பிக்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பாக்கணும், 4, 8, 12 வாரத்துல திரும்ப எடை, அப்புறம் 3 மாசத்துக்கு ஒரு தடவை எடைன்னு. ஆரம்ப எடையில 5 சதவீதம் ஏறிட்டாலே மருந்தை மாத்துறதைப் பத்தி யோசிக்கணும்னு அதுல இருக்கு. 64 கிலோ ஆளுக்கு அது மூணேகால் கிலோ கூட இல்ல. இது நடக்குற இடம் கம்மி. அதனால பூவரசு, டாக்டரே கேக்கட்டும்னு இருக்காதீங்க, எடையை எழுதிட்டுப் போய் மேஜை மேல வைங்க.

இயற்கை, நீங்க சொன்னதுக்கு ஒரே பதில். 65 சோதனைகளைச் சேத்துப் பாத்த ஒரு ஆய்வு 2012ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. மருந்தைத் தொடர்ந்தவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள நோய் திரும்பினது நூத்துக்கு 27 பேருக்கு, நிறுத்தி போலி மாத்திரை எடுத்தவங்கள்ல 64 பேருக்கு. மிச்சம் 36 பேர் இருக்காங்கல்ல, உங்களுக்குத் தெரிஞ்சவர் அதுல ஒருத்தரா இருக்கலாம். பூவரசு அண்ணன் எதுலன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

பூவரசு23:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரயில் அண்ணா சொன்ன மாதிரியே பேசுனேன். மாத்திரையைப் பத்தி எடுக்கவே இல்ல, உடம்பைப் பத்திதான் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவனே டப்பாவ எடுத்துட்டு வந்து காட்டினான், பாதி பாதியா உடைச்சு வச்சிருக்கான். முழுசா நிறுத்தல, 15ஐ ஏழரையா ஆக்கிட்டு நடுவுல சில நாள் அதையும் விட்டிருக்கான். ஏன்டான்னு கேட்டதுக்கு "குரலோட கூட இருந்துடலாம், இந்த உடம்போட இருக்க முடியல"ன்னு சொல்றான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. குரல் திரும்பக் கேக்குதான்னு கேட்டேன், இல்லங்கிறான், ஆனா வெளிய நடக்கும்போது ஆளுங்க தன்னைப் பத்திப் பேசிக்கிற மாதிரி இருக்காம், அது உண்மையாவே பேசுறாங்களா என்னன்னு அவனுக்கே சந்தேகமா இருக்காம்.

நான் ராத்திரில இருந்து முழு மாத்திரையே போடச் சொல்லட்டுமா? அவன் டாக்டர்கிட்ட வர ஒத்துக்கிட்டான், எடைக்கு மருந்து இருக்குன்னு சொன்னதும்தான் ஒத்துக்கிட்டான், அந்த மெட்ஃபார்மின் பேரை எழுதிக் கூட வாங்கிக்கிட்டான். அதுல பக்க விளைவு என்ன, கிட்னி போயிடும்னு எங்க சித்தி சொல்றாங்க, அது நிஜமா?

ராத்திரி_ரயில்:

அவனுக்கே சந்தேகமா இருக்குன்னு சொன்னான் பாருங்க, அதைப் பிடிச்சுக்கோங்க. சந்தேகம் இருக்கிற வரைக்கும் பேசலாம், உறுதியாயிடுச்சுன்னா பேச முடியாது. அதனால தள்ளிப் போடாதீங்க. அப்புறம் அம்மாகிட்ட சொல்லி வைங்க, ஏமாத்திட்டியேடான்னு யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

வெள்ளைக்கோட்டு:

நல்ல வேளை சொன்னார். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, நாளைக்கே அவர் டாக்டருக்கு ஃபோன் பண்ணி பாதி மாத்திரை எடுக்குறது, தூக்கம் போனது, யாரோ பேசுற மாதிரி இருக்கிறது மூணையும் சொல்லுங்க, திரும்ப எவ்வளவு எடுக்கணும்னு அவர் சொல்லட்டும். அதுவரைக்கும் இருக்கிற அளவை இன்னும் குறைக்காம, விடாம ராத்திரி போட்டாகணும். இதைப் படிக்கிற க்ளோசபைன்காரங்களுக்கும் ஒரு வார்த்தை, 48 மணி நேரத்துக்கு மேல விட்டுப் போச்சுன்னா பழைய டோஸைத் திரும்பத் தானா போடவே கூடாது, குறைஞ்ச அளவுல இருந்து மறுபடி ஏத்தணும், இல்லன்னா ரத்த அழுத்தம் விழுந்து மயங்கி விழலாம்.

அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, டோஸைப் பாதியாக்குனா எடையும் பாதி ஏறும்னு கணக்கு இல்ல, ஒலான்சபைன் கம்மி டோஸ்லயும் எடை போடும். இப்ப குறைஞ்சதுல மாத்திரைய மொத்தமா விட்ட நாளுக்கும் தூக்கம் போனதுக்கும் பங்கு இருக்கலாம், சர்க்கரை இன்னும் பாக்கல, அது வந்தாதான் முழுசாத் தெரியும். டாக்டர்கிட்ட அவரே சொன்ன அந்த வார்த்தையை, இந்த உடம்போட இருக்க முடியலன்னு சொன்னதை, அப்படியே சொல்லச் சொல்லுங்க. "கொஞ்சம் எடை போட்டிருக்கு"ன்னு மென்னு முழுங்கிச் சொன்னா எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது, சித்தி கேட்டது பாதி உண்மை. கிட்னி ஏற்கனவே ரொம்பக் கெட்டவங்களுக்கு அதைக் குடுக்கக் கூடாது, அதனாலதான் முன்னாடி க்ரியாட்டினின்னு கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட் பாப்பாங்க. ஆரம்பத்துல வயித்தைக் கலக்கும், பேதி, குமட்டல் இருக்கும், அதுக்குத்தான் சாப்பாட்டோட சேத்து 500 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு மெல்ல ஏத்துறது. வருஷக்கணக்குல எடுத்தா வைட்டமின் பி12 குறையலாம், அதை அப்பப்ப டெஸ்ட் பண்ணிக்கலாம். மது அதிகம் குடிக்கிறவர்னா முன்னாடியே சொல்லிடுங்க.

பூவரசு23:

குடிக்க மாட்டான் டாக்டர். ஃபோன் பண்ணிட்டேன், வியாழக்கிழமை வரச் சொல்லிட்டாங்க, அதுவரைக்கும் இன்னிக்கு ராத்திரியில இருந்து பத்து மில்லிகிராம் போடச் சொன்னாங்க. சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமா?

மூத்தவன்_அம்மா:

மூணு மாச சர்க்கரைன்னு ஒரு டெஸ்ட் இருக்கும்மா, ஹெச்பிஏ1சி, அதுக்கு வெறும் வயிறு தேவையில்ல. ஆனா எப்படியும் சாதா சர்க்கரையும் கொழுப்பும் சேத்து எடுக்கச் சொல்லுவாங்க, அதனால காலைல சாப்பிடாம கூட்டிட்டுப் போ, தண்ணி மட்டும் குடிக்கலாம். ரத்தம் குடுத்த உடனே சாப்பிட ஏதாவது கையில வச்சுக்கோ, பசியில அவனை கியூவுல நிக்க வைக்காத.